விருந்தினர் இயங்குதளம்: யாங்கோனிலிருந்து ஒரு வரலாறு

(இணைய நேரலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இலக்கிய நேரலையில் சர்வரைப் பற்றிப் பேச ஒருவன் வந்திருக்கிறானே என்று நீங்கள் நினைக்கலாம். நியாயம்தான். ஆனால் ஓலைச்சுவடி, கல்வெட்டு, ஈய அச்செழுத்து பற்றியெல்லாம் இம்மாதிரி மேடைகளில் பேசுகிறோம். எழுத்து எதன் மேல் நின்றது என்ற கேள்வியும் இலக்கிய வரலாற்றில் சேர்ந்ததே. சுமார் நாற்பது ஆண்டுகளாக நம் எழுத்து கணினியின் மேல் நிற்கிறது. அந்தப் பழைய கணினிகளில் பெரும்பாலானவை இன்று இல்லை. அவற்றோடு போன எழுத்தை மீட்க ஒரு வழி உண்டு. அந்த வழியின் வரலாற்றைத்தான் இன்று சொல்லப்போகிறேன். நான் சில ஆண்டுகள் யாங்கோனில் சர்வர் நிர்வாகியாக வேலை பார்த்தவன். நம்மில் பலருடைய தாத்தா பாட்டிகள் ரங்கூன் என்று சொன்ன ஊர் அது. ஆகவே கதையை அந்த ஊரை வைத்தே சொல்கிறேன்.

ஒரு கல்லிலிருந்து தொடங்கலாம். பர்மாவின் பழைய தலைநகரான பகானில், மியின்கபா கிராமத்துப் பக்கம் ஒரு கல்வெட்டு கிடைத்தது. 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. தொடக்கத்தில் ஒரு வடமொழிச் சுலோகம். அதன் பிறகு தமிழ் உரைநடை. மலைமண்டலத்து மகோதயர்பட்டினத்தைச் சேர்ந்த குலசேகர நம்பி என்பவர், நானாதேசி விண்ணகரம் என்ற பெருமாள் கோயிலுக்கு மண்டபம் எடுத்து, கதவிட்டு, விளக்கும் வைத்தார் என்பது செய்தி. நானாதேசிகள் என்றால் பல தேசங்களுக்கும் போய் வாணிபம் செய்த கூட்டத்தார். அதாவது, வேற்றூரில் விருந்தாளிகளாக இருந்தவர்கள். அந்தக் கல்லை ஏறத்தாழ 600 ஆண்டுகள் கழித்துக் கல்வெட்டறிஞர் ஹூல்ட்ஷ் படித்துப் பதிப்பித்தார். அவருக்குத் தேவைப்பட்டவை இரண்டு: கண், பழைய எழுத்தில் பயிற்சி.

இனி, 1998இல் யாங்கோனிலோ கோலாலம்பூரிலோ டொராண்டோவிலோ ஒரு சங்கம் கணினியில் கோத்த ஆண்டு மலரை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வயது முப்பதுகூட ஆகவில்லை. கோப்பு கையில் இருக்கிறது. ஆனால் அதைப் படிக்கக் கண் போதாது. அதை எழுதிய மென்பொருள் வேண்டும், அந்த மென்பொருள் ஓடிய விண்டோஸ் வேண்டும், அந்த விண்டோஸ் ஓடிய கணினி வேண்டும், அன்றைய எழுத்துரு வேண்டும். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் கோப்பு ஊமையாகிவிடும்.

அறுந்த சங்கிலியை மறுபடி கோக்கும் கருவிதான் மெய்நிகர் இயந்திரம். லினக்ஸ் ஓடும் ஒரு சர்வர் இருக்கிறது. அதற்குள்ளே, மென்பொருளாலேயே கட்டப்பட்ட இன்னொரு கணினி. அதற்குப் பொய்யாக ஒரு செயலி, பொய்யாக ஒரு நினைவகம், பொய்யாக ஒரு ஹார்டு டிஸ்க். அந்தப் பொய்க் கணினியில் வேறோர் இயங்குதளத்தை, அதாவது விண்டோஸ் 98ஐயோ இன்னொரு லினக்ஸையோ ஏற்றி ஓட்டலாம். உள்ளே ஓடுவதற்கு விருந்தினர் இயங்குதளம் என்று பெயர். வெளியே இருக்கும் லினக்ஸ் வீட்டுக்காரர். கணினித் துறை தேர்ந்த சொற்களே இவை. பர்மாத் தமிழர் வரலாறு தெரிந்த எவருக்கும் இந்தச் சொற்கள் சும்மா கடந்து போகா.

யாங்கோனுக்கு முதல் பெரிய கணினி வந்த கதைக்குப் போவோம். நெ வின் ஆட்சிக் காலம். நாடு கதவை மூடிக்கொண்டிருந்தது. 1964இல் கடைகளும் நிறுவனங்களும் தேசியமயமாகி, இலட்சக்கணக்கான இந்தியர்கள், அவர்களில் பெருவாரியாகத் தமிழர்கள், கப்பலேறிவிட்டார்கள். 1931 கணக்கெடுப்பில் ரங்கூன் மக்கள்தொகையில் பாதிக்கு மேல் இந்தியர்கள். அந்த ஊரில் தமிழ் நாளிதழ்களே நடந்தன. 1960களோடு அந்த அச்சு உலகம் முடிந்தது. அப்படி மூடிய ஊரில், ஐக்கிய நாடுகளின் உதவியோடு 1971இல் பல்கலைக்கழகங்களின் கணினி மையம் தொடங்கியது. அங்கே நிறுவப்பட்ட இயந்திரம் பிரிட்டனின் ஐசிஎல் நிறுவனம் செய்த 1902எஸ். இன்றைய யாங்கோன் கணினிப் பல்கலைக்கழகத்தின் வேர் அந்த மையம்தான்.

ஐசிஎல் 1900 வரிசையின் கட்டமைப்பில் ஒரு செய்தி நமக்கு முக்கியம். அதன் ஒரு சொல் 24 பிட். அதில் நான்கு எழுத்துகள் அடங்கும். எழுத்து ஒன்றுக்கு 6 பிட். ஆறு பிட்டில் மொத்தம் 64 குறிகள். ஆங்கிலப் பெரிய எழுத்துகள் 26, எண்கள் 10, மிச்சம் நிறுத்தற்குறிகளும் கணக்குக் குறிகளும். அங்கேயே இடம் தீர்ந்தது. பர்மிய எழுத்துக்கு அந்த வீட்டில் திண்ணைகூட இல்லை. கணினி யாங்கோனுக்கு வந்தது; யாங்கோனின் மொழி கணினிக்குள் போகவில்லை.

அதே காலத்தில் மேலை நாட்டில் என்ன நடந்தது? பெரிய நிறுவனங்களுக்குக் கணினி மாற்றுவது பெரும் செலவு. புது இயந்திரம் வந்ததும் பழைய நிரல்களையெல்லாம் திருப்பி எழுத வேண்டும். ஒரே இயந்திரத்தைப் பல பேர் பகிர்ந்துகொள்ளவும் வேண்டியிருந்தது. அமெரிக்காவில் ஐபிஎம்மின் கேம்பிரிட்ஜ் ஆய்வு மையத்தில் ராபர்ட் கிரீசியும் நண்பர்களும் 1960களின் நடுவில் ஒரு வழி கண்டார்கள். சிபி-40, பிறகு சிபி-67 என்று பெயர். ஒவ்வொரு பயனருக்கும் ஒரு முழுக் கணினி தனக்கே இருப்பதுபோலக் காட்டினார்கள். 1972இல் அது விஎம்/370 என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. இயங்குதளத்துக்கு அன்று சூப்பர்வைசர், மேற்பார்வையாளர், என்று பெயர். பல மேற்பார்வையாளர்களுக்கும் மேலே இருந்து பார்ப்பதால் இதற்கு ஹைப்பர்வைசர் என்ற பெயர் வாய்த்தது.

1974இல் ஜெரால்டு போப்பெக், ராபர்ட் கோல்டுபெர்க் என்ற இருவர் இதற்கு இலக்கணம் எழுதினார்கள். மூன்று விதிகள். முதலாவது, விருந்தாளி தன் சொந்த வீட்டில் நடப்பதுபோலவே இங்கும் நடக்க முடிய வேண்டும். இரண்டாவது, வீட்டின் சாவிகள் முழுவதும் வீட்டுக்காரரிடமே இருக்க வேண்டும். மூன்றாவது, விருந்தாளியின் பெரும்பாலான வேலைகள் இடையில் யாரும் புகாமல் நேரடியாகச் செயலியிலேயே நடக்க வேண்டும். முதல் இரண்டும் ஒன்றுக்கொன்று முட்டுவதுபோல் இருக்கின்றன அல்லவா? அங்கேதான் சாமர்த்தியம் இருக்கிறது. விருந்தாளி கூட்டல் கழித்தல் செய்யும்வரை யாரும் தலையிடுவதில்லை. டிஸ்கைத் தொடும்போது, செயலியை நிறுத்தச் சொல்லும்போது, நினைவகத்தின் எல்லையை மாற்றப் பார்க்கும்போது ஒரு பொறி விழும். செயலி விருந்தாளியை அப்படியே நிறுத்திவிட்டு ஹைப்பர்வைசரைக் கூப்பிடும். ஹைப்பர்வைசர் அந்த வேலையைத் தனக்குப் பாதகமில்லாமல் செய்து கொடுத்து, 'ஆயிற்று, தொடருங்கள்' என்று விடும். இடையில் நின்றது விருந்தாளிக்குத் தெரியாது.

யாங்கோனில் வாழ்ந்தவர்களுக்கு இந்தப் பொறி பழக்கமான விஷயம். அந்த ஊரில் உங்கள் வீட்டில் இரவு தங்க ஒருவர் வந்தால், வார்டு அலுவலகத்தில் பெயர் கொடுக்க வேண்டும். பிரிட்டிஷ்காரர்கள் 1907இல் கொண்டுவந்த நகர, கிராமச் சட்டங்களின் வழி வந்த ஏற்பாடு அது. 2012 சட்டமும் அதை வைத்துக்கொண்டது. நள்ளிரவில் கதவைத் தட்டி, பட்டியலில் இல்லாத தலை உண்டா என்று எண்ணிப் பார்க்க அதிகாரிகளுக்கு உரிமை இருந்தது. 2016இல் அது நீக்கப்பட்டது. 2021 பிப்ரவரி 1 இராணுவப் புரட்சிக்குப் பிறகு, அதே மாதம் 13ஆம் தேதி அதைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். லினக்ஸ் சர்வரிலும் விருந்தாளிப் பட்டியல் கேட்கும் கட்டளை ஒன்று உண்டு. விர்ஷ் லிஸ்ட் என்று அடித்தால் எந்தெந்த விருந்தாளி உள்ளே இருக்கிறார், ஓடுகிறாரா, தூங்குகிறாரா என்று வரிசையாக வரும். யாங்கோனில் அந்தக் கட்டளையை அடிக்கும்போதெல்லாம் வார்டு அலுவலக நோட்டு எனக்கு நினைவுக்கு வரும். போப்பெக், கோல்டுபெர்க் விதிகளில் அந்த நோட்டு இரண்டாவதை மட்டும் எடுத்துக்கொண்டது. சாவி வீட்டுக்காரரிடம், ஆனால் விருந்தாளி தன் வீட்டில்போல நடக்க முடியாது. 1982 குடியுரிமைச் சட்டமும் பூர்வகுடி என்பதற்கு 1823ஐ எல்லைக் கோடாக வைத்து, மூன்று நான்கு தலைமுறையாக அங்கேயே பிறந்த தமிழர்களையும் விருந்தாளிக் கணக்கில் நிறுத்தியது.

ஐசிஎல் கதைக்குத் திரும்புகிறேன். 1974இல் அந்த நிறுவனம் 2900 என்ற புதிய வரிசையை அறிவித்தது. உள்கட்டமைப்பு முழுதும் வேறு. 1900 வரிசைக்கு எழுதிய நிரல்களை வைத்திருந்த வாடிக்கையாளர்கள் என்ன செய்வார்கள்? நிறுவனம் அவர்களுக்காகப் புது இயந்திரத்துக்குள் பழைய 1900ஐ உயிரோடு வைத்தது. பின்னர் வந்த சிஎம்இ என்ற ஏற்பாட்டில் பழையதும் புதியதும் ஒரே பெட்டியில் பக்கம் பக்கமாக ஓடின. புதிய இயங்குதளத்தின் பெயரே விஎம்இ, மெய்நிகர் இயந்திரச் சூழல். ஐசிஎல் பிற்பாடு ஜப்பானின் பியூஜிட்சுவோடு கலந்தது. அந்த விஎம்இ சாகவில்லை. பிரிட்டிஷ் அரசின் ஓய்வூதியக் கணக்குகள் பல பத்தாண்டுகள் அதில் ஓடின. கடைசியில் அதையும் சாதாரண இன்டெல் சர்வரில், ரெட்ஹேட் அல்லது சூசே லினக்ஸின் மேல் விருந்தாளியாக ஏற்றிவிட்டார்கள். 1900 வரிசையின் ஜார்ஜ் 3 இயங்குதளத்தை ஆர்வலர்கள் சிலர் உள்ளங்கை அளவுள்ள ராஸ்ப்பெரி பையில் ஓட்டிக் காட்டினார்கள். யாங்கோனின் முதல் கணினியைப் பெற்ற குலம் இன்று லினக்ஸ் வீட்டில் குடியிருக்கிறது.

பணமுள்ள இடத்தில் பழையதைப் புதியதற்குள் குடிவைக்கிறார்கள். ஏனென்றால் அந்தப் பழைய கோப்பில் யாரோ ஒருவருடைய ஓய்வூதியம் இருக்கிறது. பணமில்லாத இடத்தில் பழையதைக் குப்பைக்கு அனுப்புகிறார்கள். யாங்கோனில் அடுத்தடுத்து நடந்தது இரண்டாவது வகை.

1996 செப்டம்பரில் இராணுவ அரசு கணினி அறிவியல் வளர்ச்சிச் சட்டம் கொண்டுவந்தது. பெயரில் வளர்ச்சி, உள்ளே, குறிப்பிட்ட வகைக் கணினிகளை முன் அனுமதியின்றி இறக்குமதி செய்தாலோ வைத்திருந்தாலோ 7 முதல் 15 ஆண்டு சிறை. அந்த அச்சத்தினூடேதான் யாங்கோனின் அச்சகங்களும் தட்டச்சுக் கடைகளும் விண்டோஸ் கணினிக்கு வந்தன. பர்மிய எழுத்துக்கு விண்டோஸில் இடமில்லை. ஆகவே ஆங்கில எழுத்துகளின் இடத்தில் பர்மிய வடிவங்களை வைத்த வின் வகை எழுத்துருக்கள் வந்தன. கணினியைப் பொறுத்தவரை நீங்கள் ஆங்கிலம்தான் அடிக்கிறீர்கள். திரையில் மட்டும் பர்மியம் தெரியும்.

இந்தக் கதை உங்களுக்குப் புதிதாக இராது. நம்முடைய பாமினி எழுத்துரு செய்ததும் இதையே. பாமினியில் 'தமிழ்' என்று அடித்த கோப்பை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்து பாருங்கள். ஜே, கே, பி, ஓ, பிறகு ஓர் அரைப்புள்ளி என்று ஆங்கில எழுத்துகள் நிற்கும். தகரத்துக்கு ஜே, மகரத்துக்குக் கே, இகரக் கொக்கிக்குப் பி, ழகரத்துக்கு ஓ, புள்ளிக்கு அரைப்புள்ளி. புலம்பெயர்ந்த ஈழத்தமிழர்களின் எத்தனை சிற்றிதழ்கள், எத்தனை நினைவு மலர்கள் இந்த மறைபொருளில் எழுதப்பட்டிருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். நாம் தஸ்கி, டாம், டாப் என்று பல குறியேற்றங்களைத் தாண்டித்தான் யூனிகோடுக்கு வந்து சேர்ந்தோம். தமிழ்நாடு அரசு யூனிகோடை முறைப்படி ஏற்றதே 2010இல்தான்.

பர்மியத்தில் இது இன்னும் கடுமையாக நடந்தது. 1999இல் யூனிகோடு 3.0 பர்மிய எழுத்துக்கு இடம் ஒதுக்கியது. ஆனால் அந்த ஏற்பாடு முழுமைபெற 2008இல் 5.1 வரவேண்டியிருந்தது. காத்திருக்க முடியாதவர்கள் இடையிலேயே ஸாஜி என்ற எழுத்துருவுக்குப் போய்விட்டார்கள். பர்மியத்திலும் நம் எகர, ஏகரக் கொம்புபோல எழுத்துக்கு முன்னால் எழுதும் குறி ஒன்று உண்டு. யூனிகோடு அதை ஒலி வரிசைப்படி மெய்க்குப் பின்னால் சேமிக்கும். ஸாஜி கண்ணுக்குத் தெரியும் வரிசைப்படி முன்னால் சேமிக்கும். யூனிகோடு ஷான், மொன், கரேன் மொழிகளுக்குக் கொடுத்திருந்த இடங்களிலும் ஸாஜி பர்மிய எழுத்தின் மாற்று வடிவங்களை நிரப்பிவிட்டது. சிறுபான்மையினர் தம் வீட்டுக்கு வந்து பார்த்தால் உள்ளே வேறு ஆள்.

2014இல் வெளிநாட்டுத் தொலைபேசி நிறுவனங்கள் உள்ளே வந்து சிம் கார்டு விலை சரிந்தபோது, கோடிக்கணக்கான மக்கள் ஒரே மூச்சில் கைபேசிக்கு வந்தார்கள். பெரும்பாலான கைபேசிகளில் ஸாஜி. 2019 அக்டோபர் 1ஆம் தேதியை யூ-டே என்று அறிவித்து, அரசும் ஊடகங்களும் யூனிகோடுக்கு மாறின. மாற்றம் சரியானது, அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் மாறியது அன்றாட எழுத்து. பேஜ்மேக்கரில் கோத்து வைத்த பழைய புத்தகப் பக்கங்கள் மாறவில்லை. அவை வின் எழுத்துருவிலேயே, பழைய விண்டோஸிலேயே, பான்சோடான் தெருப் பக்கத்து மாடி அறைகளில் தூசி படிந்த பெட்டிகளிலேயே இருந்துவிட்டன.

அந்தப் பெட்டிகளைத் திறக்க லினக்ஸ் எப்படி வழிசெய்தது என்பதற்கு இன்டெல் செயலியின் ஒரு குறையைச் சொல்ல வேண்டும். வீடுகளிலும் கடைகளிலும் இருந்த கணினிகள் இன்டெல் எக்ஸ்86 வகை. போப்பெக், கோல்டுபெர்க் இலக்கணத்துக்கு அது அடங்காது. பொறி விழவேண்டிய 17 ஆணைகளில் பொறி விழாது. செயலி அவற்றைத் தடுக்கவும் செய்யாது, சரியாக நிறைவேற்றவும் செய்யாது. சத்தமில்லாமல் தவறான விடை கொடுத்துவிட்டு நகரும். 1998இல் தொடங்கிய விஎம்வேர் இதற்கு ஒரு தந்திரம் கண்டது. விருந்தாளி பேசுவதை ஓடும்போதே படித்து, ஆபத்தான சொற்களை மட்டும் மாற்றி மொழிபெயர்த்துக் கொடுத்தது. 2003இல் பிரிட்டனின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஸென் வேறு வழி எடுத்தது. 'நீ இங்கே விருந்தாளி, அதற்கேற்ப நடந்துகொள்' என்று இயங்குதளத்திடம் சொல்லிவிட்டது. அதற்காக இயங்குதளத்தின் உள்பகுதியையே திருத்தி எழுத வேண்டியிருந்தது. 2005, 2006இல் இன்டெல்லும் ஏஎம்டியும் செயலியிலேயே அந்தக் குறையைச் சரிசெய்தன. உடனே இஸ்ரேலின் கியூம்ரானெட் நிறுவனத்தில் ஆவி கிவிட்டி, லினக்ஸ் கெர்னலையே ஹைப்பர்வைசராக மாற்றும் கேவிஎம் என்ற சிறு பகுதியை எழுதினார். 2007 பிப்ரவரியில் வந்த லினக்ஸ் 2.6.20இல் அது சேர்ந்தது. பொய்க் கணினியின் உறுப்புகளைச் செய்துகொடுக்க, ஃபபிரிஸ் பெல்லார்ட் 2003இல் வெளியிட்ட கியூஎமு ஏற்கெனவே இருந்தது. அன்றுமுதல் எந்த லினக்ஸ் சர்வரும் விருந்தாளி வைக்கும் வீடு.

இவையெல்லாம் கட்டற்ற மென்பொருள்கள். யாங்கோனுக்கு இதன் பொருள் என்ன? 2003 அமெரிக்கத் தடைகளுக்குப் பிறகு சர்வதேசக் கடன் அட்டை 2012 கடைசிவரை அங்கே செல்லவில்லை. நியாயமாக மென்பொருள் வாங்க நினைத்தாலும் வழியில்லை. லினக்ஸை இறக்கிக்கொள்ள யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை. இணைய வேகம்தான் தடை. ஒருவர் இறக்கிய சிடி ஊரெல்லாம் சுற்றியது.

நான் அங்கே இருந்தபோது, பழைய தமிழ்ச் சங்கம் ஒன்றின் பெரியவர் ஒரு ஹார்டு டிஸ்கைக் கொண்டுவந்து கொடுத்தார். "தம்பி, கோயில் கும்பாபிஷேக மலர் இதுக்குள்ள இருக்கு. பொட்டி செத்துப்போச்சு" என்றார். அச்சடித்த பிரதிகள் பெரும்பாலும் ஈரத்தில் போயிருந்தன. ரங்கூன் மழை அப்படி. முதல் வேலை, டிஸ்கை ஒரு முறை மட்டும் சுழலவிட்டு, பிட்டுக்குப் பிட் முழுவதையும் ஒரே கோப்பாக எடுப்பது. டிடிரெஸ்க்யூ என்ற நிரல் அதைச் செய்யும். படிக்க முடியாத இடங்களைக் கடைசிக்கு ஒதுக்கிவிட்டு, நல்ல பகுதிகளை முதலில் காப்பாற்றும். அந்தக் கோப்புதான் வட்டுப் படிமம். பிறகு கியூகவ்2 என்ற வடிவில் அதன் மேல் ஒரு மெல்லிய ஏட்டை வைத்தேன். விருந்தாளி எதைத் திருத்தினாலும் அந்த மேலேட்டில்தான் பதியும்; கீழே மூலம் கைபடாமல் இருக்கும். மூலச்சுவடியைத் தொடாமல் பாட வேறுபாடுகளைத் தனி ஏட்டில் குறிப்பது பதிப்பாசிரியர் வழக்கமல்லவா, அதே ஒழுக்கம்.

படிமத்தை கியூஎமுவில் எழுப்பினேன். விண்டோஸ் 98 கண்விழித்தது. தன் பழைய உடம்பைக் காணாமல், புதிய சாதனம் கண்டேன், புதிய சாதனம் கண்டேன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுத் தீர்த்தது. சர்வரில் 32 ஜிபி நினைவகம் இருந்தாலும் அதற்கு 256 எம்பிதான் கொடுத்தேன். 512ஐத் தாண்டினால் அந்தக் காலத்து விண்டோஸ் தடுமாறும். விருந்தாளிக்கு அவர் ஊர்ச் சாப்பாட்டைப் போடுவதுதான் மரியாதை. மைக்ரோசாஃப்ட் 2006இலேயே அதைக் கைவிட்டுவிட்டதால் நோய் எதிர்ப்புச் சக்தி கிடையாது. எனவே வலைத்தொடர்பு கொடுக்கவில்லை. அறைக்கதவு சாத்தியே இருந்தது. கேவிஎம் வேகம்கூட வேண்டியிருக்கவில்லை. கியூஎமு ஒவ்வோர் ஆணையையும் மொழிபெயர்த்து ஓட்டியபோதே அது தன் அசல் பெட்டியில் ஓடிய அளவுக்கு ஓடியது.

பேஜ்மேக்கர் 6.5 திறந்தது. மலர் வந்தது. எழுத்துரு அதே டிஸ்கில் இருந்ததால் தமிழ் தமிழாகவே வந்தது. பக்கங்களை ஒரு போஸ்ட்ஸ்கிரிப்ட் பிரிண்டருக்கு அனுப்புவதுபோல் கோப்பில் அச்சிட்டு, அதை வெளியே எடுத்து லினக்ஸில் பிடிஎஃப் ஆக்கினேன். பக்கத்தின் தோற்றம் அப்படிக் கிடைத்துவிட்டது. உரையைத் தனியே எடுத்து, எழுத்துக்கு எழுத்து அட்டவணை போட்டு யூனிகோடுக்கு மாற்றினேன். கொம்பு வைத்த எழுத்துகளை மட்டும் வரிசை மாற்ற வேண்டியிருந்தது. உள்ளே இருந்தவை: நன்கொடையாளர் பட்டியல், கோயில் வரலாறு பற்றிய ஒரு கட்டுரை, 1942இல் நடந்தே இந்தியா போனவர்களில் திரும்பிவந்த ஒருவரின் நினைவுக் குறிப்பு. பெரியவர் அந்தக் குறிப்பை எழுதியவரின் பெயரைத் திரையில் பார்த்துவிட்டு வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.

எல்லாவற்றையும் இப்படி எழுப்ப முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். இந்திய மொழி அச்சுக்கோப்பு மென்பொருள்கள் சில, கணினியின் பின்புறம் செருகும் ஒரு சிறு பூட்டோடு வந்தன. பூட்டு தொலைந்தால் மென்பொருள் திறக்காது. பொய்க் கணினிக்குப் பொய்ப் பூட்டு செய்வது எளிதல்ல. டிஸ்கின் காந்தப் பரப்பு அழிந்திருந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது. மெய்நிகர் இயந்திரம் செத்த டிஸ்கை உயிர்ப்பிக்காது. சாகும் முன் எடுத்த படிமத்தைத்தான் பேசவைக்கும். ஆகவே காலம்தான் இங்கே பெரிய விஷயம்.

யாங்கோனில் மின்சாரம் போவதும் வருவதும் அன்றாடம். அதற்கும் விருந்தினர் முறை ஒரு தற்காப்பு தந்தது. யுபிஎஸ் தீரும் தறுவாயில் லினக்ஸ் தன் விருந்தாளிகளை அப்படியே உறையவைத்து, அவர்கள் நினைவகத்தில் இருந்ததை டிஸ்கில் எழுதிவிட்டு அணையும். மின்சாரம் வந்ததும் விருந்தாளி நின்ற எழுத்திலிருந்தே தொடர்வார். ஒரு சர்வரிலிருந்து இன்னொரு சர்வருக்கு ஓடும் நிலையிலேயே மாற்றவும் முடியும். விருந்தாளி வேலை செய்துகொண்டிருக்கும்போதே அவர் நினைவகத்தைப் பக்கம் பக்கமாக அந்தப்புறம் நகலெடுத்து, இதற்குள் மாறிவிட்ட பக்கங்களை மறுபடி நகலெடுத்து, கடைசியில் ஒரு கணம் மட்டும் நிறுத்தி அக்கரையில் எழுப்புவார்கள். 1942இலும் 1964இலும் நம்மவர்கள் கையில் எடுத்ததை மட்டும் கொண்டு ஊரைவிட்டார்கள். ஒரு முழு வீட்டை, மேசைமேல் திறந்திருக்கும் புத்தகத்தோடு, அப்படியே தூக்கிக்கொண்டு எல்லை தாண்ட அன்று வழியில்லை. ஒரு முழுக் கணினிக்கு இன்று அந்த வழி இருக்கிறது.

2021க்குப் பிறகு இந்த வேறுபாடு கண்கூடாகத் தெரிந்தது. பிப்ரவரி 15 முதல் இரவு ஒரு மணியிலிருந்து காலை ஒன்பதுவரை இணையத்தை அணைத்தார்கள். மார்ச் 8இல் மிஸ்ஸிமா, டிவிபி, கித் திட், மியான்மர் நவ், 7டே நியூஸ் ஆகிய ஐந்து ஊடகங்களின் உரிமத்தை இரத்து செய்தார்கள். ஒரு செய்தியறையின் மேசை நாற்காலிகளையும் கணினிகளையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போகலாம். அதன் நகல் வெளிநாட்டு லினக்ஸ் சர்வர் ஒன்றில் விருந்தாளியாக ஓடிக்கொண்டிருந்தால், அதை வண்டியில் ஏற்ற முடியாது. மேகக் கணினி என்று நாம் மாத வாடகை கட்டுவதெல்லாம் பெரும்பாலும் எங்கோ ஒரு வீட்டின் விருந்தினர் அறைதான்.

ஆனால் விருந்தினர் அறைக்கும் சாவி வீட்டுக்காரரிடம்தான். இரண்டாவது விதியை மறக்கக் கூடாது. வாடகை நின்றால் அறை காலியாகிவிடும். நிறுவனம் கொள்கையை மாற்றினாலும் அப்படியே. அதனால்தான் நம் சங்கங்களும் நூலகங்களும் படிமத்தின் ஒரு பிரதியையாவது சொந்தக் கையில் வைத்திருக்க வேண்டும் என்கிறேன். சின்ன விஷயம்தான். ஒரு பழைய மேசைக் கணினி, அதில் லினக்ஸ், இரண்டு டிஸ்க். அது போதும்.

உங்கள் ஊர்த் தமிழ்ச் சங்கத்தின் அலமாரியில், நின்றுபோன சிற்றிதழ் ஆசிரியரின் வீட்டுப் பரணில், ஓர் ஓட்டைப் பெட்டி இருக்கக்கூடும். அதைக் குப்பைக்கு அனுப்பும் முன் டிஸ்கைக் கழற்றிப் படிமம் எடுத்துவையுங்கள். எந்த மென்பொருள், எந்த எழுத்துரு, எந்த ஆண்டு என்று ஒரு தாளில் எழுதிச் சேர்த்து வையுங்கள். மாற்றுவதும் பதிப்பிப்பதும் அப்புறம் நிதானமாக நடக்கட்டும். பழுத்த ஏட்டைப் பார்த்து எழுதி வைக்காமல் ஆடிப்பெருக்கில் ஆற்றோடு விட்டவர்கள் பற்றி நாம் வருத்தத்தோடு பேசுகிறோம். நம் காலத்து ஆறு, பழைய இரும்புக் கடை.

பகானில் மண்டபம் எடுத்த குலசேகர நம்பி, அந்த ஊருக்கு விருந்தாளி. அவர் மொழிக்கு அந்த ஊர் ஒரு கல்லில் இடம் கொடுத்தது. அதனால் அவரை நமக்குத் தெரிகிறது. ஹார்டு டிஸ்கில் எழுதிய நம் ரங்கூன்காரர்களுக்கும் அப்படி ஓர் இடம் கொடுக்க நம்மால் முடியும்.